துரையின் ஜெட்டும் கடைசி லயத்துத் தகரமும்

உங்கள் ஸ்டேஷன் தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. இது கடைசிச் சல்லடையில் விழுகிற தூசி. அதையும் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் தேயிலை மலையை வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் குடிக்கவேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தம்தான். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது. நான் டீமேக்கர். கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகி வெளியே போகிறவரை தொழிற்சாலை என் பொறுப்பு. அரைகுறை வேலை எங்கே கண்டாலும் எனக்குப் பொறுக்காது. இங்கே வந்திருப்பதும் அதனால்தான்.

மரண விசாரணை அதிகாரி தீர்ப்பை வாசித்தபோது நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பழைய விமானத்தின் முன்பகுதியைக் கவனக்குறைவாகச் செப்பனிட்டதால் நேர்ந்த விபத்து என்று வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். பூசாரி மாயாண்டிகூடத் தலையாட்டினான். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் அவன். பத்திநாதன் என்கிற என் மேல் வழக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போனேன். மனைவி டோரீன் சோறு போட்டாள். ஒரு பிடி இறங்கவில்லை. கவனக்குறைவு என்கிறார்கள், ஐயா. என் வேலையைப் பார்த்து. அந்தச் சொல்லை எடுத்துவிடவேண்டும் என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேன். அதை எடுப்பதற்கு மற்றதையும் சொல்லவேண்டும் என்றால், சொல்வதில் எனக்குத் தடையில்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது. தோட்டத்துச் சங்கதிகள் உங்களுக்குப் புதிதாக இருக்கும். ஆகவே முதலிலிருந்தே வருகிறேன்.

எங்கள் துரை வாலிபத்தில் விமானப்படையில் சேரப் போய், கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர். தேயிலைக்கு அவ்வளவு கண்பார்வை தேவையில்லை. தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரையாகிவிட்டார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறுவருடம், எழுபத்தாறில், கொழும்பில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடமிருந்து ஒரு ஜெட் விமானத்தின் மூக்கை வாங்கினார். சிறகும் வாலும் வேறு எங்கோ போய்விட்டன. விமானி உட்காரும் இடம் மட்டும், கழுத்தோடு அறுத்தெடுத்த மாதிரி, லொறியில் வந்தது. ஒரு காலத்தில் வாலிபர்களுக்கு ஜெட் ஓட்டப் பழக்கிய விமானமாம். வட்டகொடையிலிருந்து லொறி முக்கி முனகி ஏறி வந்தபோது, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கூடையோடு திரும்பி நின்று பார்த்தார்கள். "தொரைக்குக் குளிக்கிற தொட்டி வருதுடி" என்றாள் மீனம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே எனக்கு அவள்மேல் ஒரு சிறு மனக்கசப்பு. மீனம்மா, தோட்டத் தலைவர் அழகுமுத்துவின் மனைவி. தலைவர் என்றால் தொழிற்சங்கத்துக்கு எங்கள் தோட்டத்தில் தலைவர். சம்பளம், கூரை, தண்ணீர் என்று எதுவாக இருந்தாலும் துரையிடம் போய் நிற்கிறவர்.

தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த பழைய விறகுக் கொட்டகையில் அதை இறக்கினோம். துரை கொஞ்ச நாள் மாலையில் வந்து, உப்புத்தாள் வைத்து அங்குமிங்கும் தேய்த்தார். பிறகு பிரிட்ஜ் சீட்டாட்டம் வந்தது, மூட்டுவலி வந்தது. "பத்திநாதன், இந்தத் தோட்டத்தில் சுத்தமான கை உன்னுடையதுதான். நீயே பார்த்துக்கொள்" என்றார். அவர் அதை மறந்தும் போயிருப்பார். நான் மறக்கவில்லை.

அது வந்த நிலையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முள் காட்டும் வட்டங்கள் எல்லாம் உள்ளே ஆவி பிடித்துக் குருடாகிக் கிடந்தன. பக்கத்துப் பொத்தான்களுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கண்ணாடி மூடி மஞ்சளேறி, வெயில் பட்டால் எண்ணெய் படிந்த மாதிரித் தெரிந்தது. நான் ஒவ்வொரு வட்டத்தையும் கழற்றினேன். தேயிலைத் தூளைச் சலிக்கிற பட்டுத் துணியால் துடைத்தேன். எண்கள் அழிந்த இடத்தில் ஒற்றை மயிர்த் தூரிகையால் வெள்ளை வைத்தேன். உயரம் காட்டும் வட்டம் ஒன்று உண்டு. அதைச் சுத்தம் செய்து மாட்டியபோது, முள் தானாக நகர்ந்து எங்கள் தோட்டத்தின் உயரத்தில் போய் நின்றது. யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. காற்றை உணர்ந்து தானே போய் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மூத்த பையன் நடக்கத் தொடங்கியபோதுகூட அப்படி ஆகவில்லை.

பொருள்கள் தேவைப்பட்டன. ஸ்டோர்ச் சாவியும் என்னிடம்தான் இருந்தது. பிள்ளைக்காம்பராவுக்கு வந்த வெள்ளைப் பெயின்ட் கொஞ்சம் எடுத்தேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகள் தூங்குகிற அறை அது, தூங்குகிற குழந்தைக்குச் சுவர் என்ன நிறம் என்று தெரியவா போகிறது. விமானியின் சீட்டில் பஞ்சு நைந்திருந்தது. பிரசவ அறைக்கென்று வந்த புது மெத்தையில் கொஞ்சம் நல்ல பஞ்சு இருந்தது. இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம் ஈரம்தான். எங்கள் மலையில் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அலுமினியத்தில் வெள்ளைப் பூ பூக்கும். ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது.

நல்லவேளையாக அந்த வருடமே லயங்களுக்கென்று கூரைத் தகரம் வந்தது. லயம் தெரியும்தானே? வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். வெள்ளைக்காரன் காலத்துத் தகரம், ஓட்டையும் துருவும். முதல் லயங்களுக்கு மாற்றினோம். கடைசி லயத்துக்கு உரியதை நான் ஸ்டோரில் நிறுத்தி வைத்தேன். பிறகு விறகுக் கொட்டகைக்கு மாற்றினேன். கொட்டகைக்குப் போட்டது போக மிச்சம் இருந்ததால், அதன்மேலேயே இன்னொரு அடுக்கும் போட்டேன். மழைச் சத்தம் குறைந்தது. தேயிலை காய்கிற டிரையரிலிருந்து ஒரு குழாய் இழுத்து, இரவெல்லாம் சூடு வருகிற மாதிரி செய்தேன். கொட்டகைக்குள் நுழைந்தால் கம்பளி வேண்டாம். அவ்வளவு இதமாக இருக்கும்.

மீனம்மா ஒருநாள் தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை.

"ஐயா, எங்க காம்பரா ஒழுகுதுங்க. கைப்புள்ளக்காரி நான். மனுசங்க படுக்கிற எடமுங்க. ஒரு தகரம் குடுத்தாப் போதும்."

"வந்த தகரம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் பார்ப்போம்."

"இது யாருகிட்டச் சொன்னா நடக்குமுங்க?"

கேள்வியில் தப்பில்லை. பதில் சொல்ல என்னிடம் நேரமில்லை. கண்ணாடி மூடிக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன், காய்ந்துவிடும். அந்த மழைக்காலத்தில் குழந்தை மார்ச்சளியில் போய்விட்டது. மலையில் குழந்தைகளுக்கு மார்ச்சளி வருவது புதிதல்ல. நான் பெட்டிக்குப் பலகை கொடுத்தேன். நல்ல பலகை, தேயிலைப் பெட்டிப் பலகை. அதை நீங்கள் ஸ்டோரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். துரைக்குத் தெரிந்த மத்தியாஸ் என்று ஒருவர், விமானங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், நீர்கொழும்பிலிருந்து ஒருதடவை வந்து பார்த்தார். சீட்டின் பின்பக்கம் கையை விட்டுத் தடவியவர் முகம் மாறிவிட்டது. விமானியின் தலைக்கு மேலே, மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட ஒரு பிடி இருக்கும். ஆபத்து நேரத்தில் அதை இழுத்தால் சீட்டுக்குப் பின்னாலுள்ள குழாயில் மருந்து வெடித்து, ஆளையும் சீட்டையும் சேர்த்து ஆகாயத்தில் எறிந்துவிடும். அந்த மருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது என்றார். சிவப்பு நாடா கட்டிய இரண்டு ஊசிகள் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன, அவற்றை எந்தக் காரணம் கொண்டும் உருவக்கூடாது, அடுத்த மாதம் சாமான்களோடு வந்து மருந்தை எடுத்துவிடுகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். நான் அவரை வட்டகொடை ஸ்டேஷனிலேயே சந்தித்து, துரை கொழும்பிலிருந்து ஆள் கூப்பிட்டு எடுத்துவிட்டார் என்று சொல்லி அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டேன். துரையிடம், மத்தியாஸ் வந்து எடுத்துவிட்டார் என்றேன். ஆளுக்கொரு பொய், இரண்டும் சிறியவை. மருந்தை எடுத்துவிட்டால் அது வெறும் நாற்காலி, ஐயா. நான் செப்பனிட்டது நாற்காலியை அல்ல. எல்லாம் இருந்த மாதிரியே இருக்கவேண்டும் என்பது என் கொள்கை. ஊசிகள் ஒழுங்காக இருக்கிறவரை யாருக்கும் ஒன்றும் ஆகாது. மாதம் ஒருமுறை அவற்றுக்கு எண்ணெய் தடவினேன். இதையா கவனக்குறைவு என்கிறீர்கள்?

போன மாதம் எல்லாம் முடிந்தது. எழுபத்தொன்பது செப்டம்பர். பூசுவதற்கோ துடைப்பதற்கோ ஒன்றும் மிச்சமில்லை. வேலை முடிந்தபின் மாலையில் கொஞ்ச நேரம் அதில் உட்காருவேன். கைகால் நீட்டத்தான். டை கட்டிக்கொள்வது என் வழக்கம், எங்கே உட்கார்ந்தாலும்.

அப்படி ஒரு மாலையில் அழகுமுத்து வந்துவிட்டான். கதவை நான் தாழிட்டிருக்கவில்லை. நான் அப்போது வாயால் லேசாக ஒரு சத்தம் செய்துகொண்டிருந்தேன். என்ன சத்தம் என்று கேட்கிறீர்களா? எஞ்சின் சத்தம்தான். இதைக் குறிப்பில் சேர்க்கவேண்டாம். நடந்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவன் சிரித்தான். "பத்திண்ணே, ஏரோப்பிளேன் எங்க போவுது? நம்ம லயத்துப் பக்கம் எறக்குங்க" என்றான்.

கெட்ட சிரிப்பு இல்லை. வெளியிடத்தில் என்னை டீமேக்கரய்யா என்றுதான் சொல்வான். தனியாக இருக்கும்போது மட்டும் அண்ணே. நாங்கள் ஒரே லயத்தில் பிறந்தவர்கள் என்று அவன் சொல்வதுண்டு. நான் மறுத்ததில்லை. என்னைப் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அவன் மண்வெட்டி எடுத்தான். அதன்பிறகு இருவருக்கும் பேச என்ன இருக்கிறது? டோரீனிடம்கூட நான் நுவரெலியா டவுன்காரன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

சிரித்துவிட்டு, என்ன இதமாக இருக்கிறது என்று கேட்டபடி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். பிறகு மேலே பார்த்தான். தகரங்களின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தது. ரயிலில் வந்து இறங்கியபோது, தொழிற்சாலைத் தகரத்தோடு கலந்துவிடக்கூடாது என்று அவனே தூரிகை பிடித்துப் போட்ட கோடு. அதை நான் சுரண்டி எடுத்திருக்கலாம். கூரையின் உட்புறத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். என் வேலையில் ஒரு கவனக்குறைவு உண்டென்றால் அது இதுதான். இதை வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

விரல் நீட்டித் தகரங்களை ஒவ்வொன்றாக எண்ணினான். பிறகு, "எம்புள்ள போனப்ப இந்தத் தகரம் இங்கதான் கெடந்துச்சாண்ணே?" என்று கேட்டான்.

நான் சீட்டிலேயே இருந்தேன். இறங்குவதற்குக் கொஞ்சம் சிரமமான சீட் அது.

"சரி. எம்புள்ள திரும்பி வரப்போறதில்ல. மத்தப் புள்ளைங்க இருக்குதுங்க. தொரகிட்ட நான் போகல. ஒங்க வேல போயிரும். சரஸ்வதி பூச முடியட்டும். நீங்களா எறக்கிக் குடுங்க. ஸ்டோர்ல மறந்து கெடந்துச்சுன்னு சொல்லிக்கலாம்."

சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் வசதி. அவன் மன்னித்தான், ஐயா. மண்வெட்டிக்காரன் என்னை மன்னித்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் தினமும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவன் முகத்தில் விழிக்கவேண்டும். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.

தகரத்தை இறக்குவது நடக்காத காரியம். மழைக்காலம் வந்துகொண்டிருந்தது. கொட்டகையை வெறுமையாக விட்டால் ஒரே மாதத்தில் எல்லாம் பாழ். நியாயமாக எடைபோட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம், ஏற்கெனவே நனைந்து பழகிப்போன ஒரு லயம். மறுபக்கம், ஒருநாள்கூட நனையாத விமானம். நனைந்து பழகியவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். இதில் எனக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. குழப்பம் அழகுமுத்து ஒருவன்தான்.

சரஸ்வதி பூசை நாளில் எங்கள் தொழிற்சாலையில் மெஷின்களுக்குப் பூசை. நான் கத்தோலிக்கன், ஆனாலும் டீமேக்கர் என்ற முறையில் வருடாவருடம் நடத்திவைப்பது நான்தான், ஒரு குறையும் வந்ததில்லை. மெஷின்களை நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைமரம் கட்டுவார்கள். மெஷினில் கழற்றக்கூடிய சிறு பாகங்களைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சாமி முன்னால் வாழையிலையில் வைப்பார்கள். ஸ்பேனர், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, தராசுப் படிக்கல் எல்லாம் அந்த இலையில் இருக்கும். இலையில் ஏறியதை மறுநாள் காலைப் பூசை முடிகிறவரை எவரும் தொடக்கூடாது. துரையே கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. புதிதாக வந்த மெஷின் எதுவானாலும், வேலை முடிந்த வருடத்துப் பூசையில் தலைவருக்குப் பரிவட்டம் கட்டி, முதலில் அவர் கையால் தொடவைப்பார்கள்.

இந்த வருடம் ஜெட்டுக்கும் பூசை வைக்கலாம் என்று நான் சொன்னதும் மாயாண்டிக்கு வாயெல்லாம் பல். துரை கொழும்பில் இருந்தார். தலவாக்கலையிலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவரைப் படம் எடுக்க வரவழைத்தேன். ஊசிகளை நானே உருவினேன். நானே புளி போட்டுத் தேய்த்தேன். சிவப்பு நாடாவைச் சோப்புப் போட்டு அலசி உலர்த்தினேன்.

"இந்த ரெண்டு ஆணியும் வைக்கணுங்களாய்யா?" என்றான் மாயாண்டி.

"கழற்றுகிறதை வைப்பது உங்கள் முறைதானே" என்றேன். பொட்டு வைத்து இலையில் வைத்தான். எத்தனை பக்தியாக வைத்தான் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அழகுமுத்து வெள்ளை வேட்டி கட்டி வந்தான். தலையில் பரிவட்டம், கழுத்தில் மாலை. தலைவரை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்று லயமே திரண்டு வந்திருந்தது. மீனம்மா வாசலில் நின்றாள். அன்று அவளும் சிரித்தாள். ஏறுவதற்கு முன் அவன் இலையைப் பார்த்து நின்றான். முன்பு கொட்டகைக்கு வந்த மாலையில் சீட்டில் நாடா தொங்கியதைக் கவனித்திருக்கிறான்.

"அந்தச் செவப்பு நாடா போட்டத எடத்துல மாட்ட வேணாமா?" என்று கேட்டான்.

மாயாண்டிதான் பதறிப்போனான். "எலையில வச்சத எடுக்கக்கூடாது தலைவரே. சாமி குத்தமாயிரும். காலையிலதான்."

அழகுமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டு ஏறினான். பாருங்கள், ஐயா, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் முறை, அவர்கள் சாமி. மற்றவர்கள் நம்பிக்கையில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

ஸ்டூடியோக்காரர் வெளிச்சம் பார்த்தார். நான் எல்லோரையும் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னேன். "தலைக்கு மேலே இருக்கிறதைப் பிடித்துக்கொள், படம் நன்றாக வரும்" என்றேன். பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்தான். பிடி என்றுதான் சொன்னேன், இழு என்று சொல்லவில்லை. விசாரணையிலும் இப்படித்தான் சொன்னேன். சரியாக இருந்ததால் யாரும் மேலே கேட்கவில்லை. பேனாவை ஏன் கீழே வைக்கிறீர்கள்? எழுதுங்கள். பிறகு சொன்னேன். "நல்லா கீழ இழு, முத்து" என்றேன். சின்ன வயதில் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அன்றுதான் கூப்பிட்டேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்துபோயிற்று. நான் கேட்டது என்று ஒன்று இருந்தால் அதைச் செய்துவிடவேண்டும் என்பதுபோல் இழுத்தான்.

தலைவர்கள் உயரப் போகவேண்டும் என்று மே தினத்துக்கு மே தினம் மேடையில் சொல்வார்கள். அழகுமுத்து இரண்டு அடுக்குத் தகரத்தையும் தாண்டிப் போனான். மாலைப் பூ மட்டும் கொஞ்ச நேரம் உதிர்ந்துகொண்டிருந்தது. மேலே போனவன் கொட்டகைக்குப் பின்னால் விறகுக் குவியலில் வந்து விழுந்தான். சீட் தனியாக விழுந்தது. சீட்டுக்குப் பெரிய சேதமில்லை.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். நீங்கள் கொட்டகைக்கு வந்து பார்த்தீர்கள். கண்ணாடி மூடியில் ஒரு கீறல் கண்டீர்களா? இல்லை. ஏன் என்று யாராவது யோசித்தீர்களா? அன்று காலையிலேயே மூடியைப் பின்னால் தள்ளி, கயிறு போட்டுக் கட்டி, மேலே சாக்கும் போர்த்தி வைத்தேன். முள் வட்டங்களுக்குப் புகை படக்கூடாது என்று மெழுகுத் துணி சுற்றினேன். ஸ்டூடியோக்காரர் படத்துக்கு இடைஞ்சல் என்றார்; நான் விடவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவருக்காவது காயம் உண்டா? கவனக்குறைவான மனிதன் செய்கிற வேலையா இது? இருபது வருடம் பழைய மருந்து, நான் எண்ணெய் தடவிக் காப்பாற்றிய பொறி, இழுத்த கணத்தில் வேலை செய்தது. அது பிழையாக வெடிக்கவில்லை. சரியாக வேலை செய்தது. நான் நினைத்தேன், நான் உருவினேன், நான் இழுக்கச் சொன்னேன். கொலை என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.

மீனம்மா அழவில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் பிய்ந்து விழுந்த தகரம் கிடந்தது. அதன் ஓரத்துச் சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து அந்தத் தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனாள். சட்டப்படி அது தோட்டத்துச் சொத்து. நான் தடுக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

இதோ, நேற்றுச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோர்ட்டுக்கு அனுப்புவதற்குமுன் ஒரே ஒரு விஷயம், ஐயா. இரவு என்னைப் படுக்கவைத்த அறையில் கூரை ஒழுகுகிறது. சரியாகப் பாய் போட்ட இடத்தில். மூலைக்கு மூலை பாயை இழுத்துப் பார்த்தேன், தண்ணீர் கூடவே வந்தது. விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மனிதர்கள் படுக்கிற இடம், ஒரு தகரம் போட்டால் போதும், யாரிடம் சொன்னால் நடக்கும் என்று சார்ஜண்டிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல், துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே, சிங்களத்தில் "லபன அவுருத்தே பலமு" என்கிறார். அடுத்த வருடம் பார்ப்போமாம். நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஐயா. இப்படி ஈவிரக்கமில்லாமல் பதில் சொல்கிற மனிதனை இதுவரை கண்டதில்லை.